சிறைக்குள் பிறந்த காதல் பாட்டு

நம் கல்லூரி விழாவில் வினாடி வினாப் போட்டி. கடைசிச் சுற்று. ‘அன்செயின்டு மெலடி’ என்ற ஆங்கிலப் பாடல் முதன்முதலில் இடம்பெற்ற படம் எது என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் மேஜையைத் தட்டி “கோஸ்ட்!” என்று கத்தினேன். ஹாஸ்டல் ரூமில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்த படமாச்சே! பதில் தப்பு. கோப்பை பக்கத்து டீமுக்குப் போனது. அன்று இரவு மெஸ்ஸில் நண்பர்கள் எனக்குச் சூட்டிய பட்டத்தை இந்த மலரில் அச்சிட முடியாது.

அந்தத் தோல்விதான் இந்தப் பாட்டின் பூர்வீகத்தைத் தேட வைத்தது. தேடிப் பார்த்தால், அட, இது பிறந்த இடமே ஒரு சிறைச்சாலை!

1955-ல் ‘அன்செயின்டு’ என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. கலிபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் உள்ள சிறைதான் கதைக்களம். மற்ற சிறைகளைப் போலக் கடுங்காவல் கிடையாது. கைதிகளை நம்பி நடத்திய சிறை அது. மனசு வைத்தால் வேலி தாண்டி ஓடிவிடலாம். மனைவியைப் பிரிந்து வாடும் கதாநாயகனுக்கு ஒரே போராட்டம். ஓடிப் போவதா, தண்டனையை முடித்துவிட்டு நிமிர்ந்து வீட்டுக்குப் போவதா? இந்தத் தவிப்புக்குத்தான் பாட்டு தேவைப்பட்டது.

இசை அலெக்ஸ் நார்த். பாடல் எழுதியவர் ஹை ஸாரெட். படத்தின் பெயரைப் பாட்டில் வைக்கச் சொன்னார்களாம்; ஸாரெட் மறுத்துவிட்டார். சங்கிலி, விடுதலை என்று எழுதாமல், தொலைவில் இருக்கும் துணைக்காக ஏங்கும் ஒரு மனசை மட்டும் எழுதினார். தலைப்பில் இருக்கும் சொல் பாட்டில் எங்கேயும் கிடையாது. பெயர் இல்லை, ஊர் இல்லை, சிறை என்ற பேச்சே இல்லை. பாட்டின் நீண்ட ஆயுளுக்குக் காரணமே இந்த மறுப்புதான் என்பது என் கட்சி.

படத்தில் கைதியாக வந்து இதைப் பாடியவர் டாட் டங்கன். 1935-ல் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓப்பராவில் முதல் போர்கியாக நடித்தவர்; 1945-ல் நியூயார்க் சிட்டி ஓப்பராவில் பாடி, நிறத் தடையை உடைத்த கறுப்பினக் கலைஞர். இவ்வளவு பெரிய மனிதர் முதலில் பாடிய பாட்டு என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும்தான் அன்று தெரியவில்லை.

ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை. படமும் மெல்ல மறந்து போனது. ஆனால் பாட்டு வேலி தாண்டி ஓடிவிட்டது! அதே 1955-ல் லெஸ் பாக்ஸ்டர், பார்வையற்ற பாடகர் அல் ஹிப்லர், ராய் ஹாமில்டன் என்று ஆளுக்கொரு இசைத்தட்டு போட்டார்கள். பிரிட்டனில் ஜிம்மி யங் பாடியது முதலிடம் பிடித்தது.

பத்து வருஷம் கழித்து, 1965-ல் ‘ரைட்டியஸ் பிரதர்ஸ்’ இதை எடுத்துக்கொண்டார்கள். பெயரில்தான் பிரதர்ஸ், பில் மெட்லியும் பாபி ஹாட்ஃபீல்டும் அண்ணன் தம்பி அல்ல. பாடியது ஹாட்ஃபீல்ட் மட்டும். மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் உச்சத்துக்கு ஏறும் அந்தக் குரல்தான் நம் காதில் இருப்பது. இதில் வேடிக்கை, இந்தப் பாட்டு இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்தது! கம்பெனி நம்பியது முன்பக்கப் பாட்டை. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, இது அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை போனது.

1977 ஜூனில் எல்விஸ் பிரெஸ்லி ரேப்பிட் சிட்டி கச்சேரியில் பியானோ முன்னால் உட்கார்ந்து இதைப் பாடினார். உடம்பு ஊதி, வேர்வை கொட்டியது. குரல் மட்டும் தளரவில்லை. அந்தப் படச்சுருளைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 16-ல், அவர் இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு 1990-ல்தான் நம்ம ‘கோஸ்ட்’! களிமண் சக்கரம், டெமி மூர், பாட்ரிக் ஸ்வேஸி, பின்னணியில் 1965-ன் ஹாட்ஃபீல்ட் குரல். பிரிட்டனில் அந்த வருஷம் மிக அதிகம் விற்ற சிங்கிள் இதுதான். அமெரிக்காவிலோ ஹாட்ஃபீல்டின் பழைய பதிவும், அவரே புதிதாகப் பாடிய பதிவும் ஒரே சமயத்தில் பட்டியலில் நின்றன. 1995-ல் ராப்சன் கிரீன், ஜெரோம் ஃப்ளின் என்ற இரு நடிகர்கள் பாடினார்கள், டி.வி. தொடர் ஒன்றில் சிப்பாய்களாக வந்து பாடியதை ஜனங்கள் விடாமல் கேட்டதால் வந்த பதிவு அது. 2002-ல் கேரத் கேட்ஸ் என்ற 17 வயதுப் பையன் பாடினான். பேச்சில் திக்கு உள்ளவன்; பாட்டில் திக்கவில்லை. இரண்டுமே பிரிட்டனில் முதலிடம், இரண்டுமே 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கைதி, சிப்பாய், செத்தும் காதலியைப் பிரிய முடியாத ஆவி. எல்லாருக்கும் ஒரே பாட்டு எப்படிப் பொருந்தியது? எங்கள் பாஷையில் சொன்னால், ஸ்டாண்டர்டு அளவில் செய்த நட்டு எந்தக் கம்பெனி மெஷினுக்கும் பொருந்தும். ஸாரெட் அன்று ‘சங்கிலி’ என்று எழுதியிருந்தால் அது கைதியின் பாட்டாகவே நின்று போயிருக்கும். எழுதாமல் விட்டதால் காத்திருக்கிற எல்லாருடைய பாட்டும் ஆயிற்று.

எழுதாமல் விடுவதன் அருமை எனக்கு ஹாஸ்டலிலேயே தெரிந்திருக்க வேண்டும். என் ரூம் மேட் தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இரண்டு ரிங், கட். “சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்” என்று அர்த்தம். காசும் கிடையாது, பேச்சும் கிடையாது. நாங்கள் கிண்டல் பண்ணுவோம். பல வருஷம் கழித்து, அம்மாவின் காரியத்துக்குப் போயிருந்தபோது அவன் சொன்னான்: “மச்சான், ஒன்பதரைக்கே போனை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்களாம்டா. எனக்கு இப்பதான் தெரியுது.” என்னிடம் பதில் இல்லை.

சிறைக்குள் இருப்பவனின் ஏக்கத்தைத்தான் பாட்டு சொல்கிறது. அது வெளியே காத்திருப்பவருக்கும் பொருந்தும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இந்த மலரைப் படிக்கும் தம்பி, தங்கைகளே! இப்போது போன் பேச்சுக்குத் தனிக் காசு இல்லை; மிஸ்டு காலுக்கும் அவசியம் இல்லை. இன்று ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். அப்புறம், வினாடி வினாவில் யாராவது கேட்டால் ‘கோஸ்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!