முடியாதது கடமையாகுமா?

நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை. நிற்க இயலாதவன் உட்கார்ந்து தொழலாம். வழிச்செலவுக்கு வகையில்லாதவனுக்கு மக்கா யாத்திரை கடமையல்ல. எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் எந்த ராவுத்தரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் முடியும் இடத்திலேயே இந்த உறுதி இருக்கிறது.

ஆனாலும் இதைப் பற்றிப் பெரிய வாதம் ஒன்று நடந்தது. பஸ்ராவிலும் பாக்தாதிலும் இருந்த முஃதஸிலாக்கள் என்னும் அறிவாளிகள், இயலாததைக் கட்டளையிடுவது அநீதி, இறைவன் அநீதி செய்யமாட்டான் என்றார்கள். அவர்களிடையே வளர்ந்து, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களை விட்டு விலகிய இமாம் அஷ்அரீ அதற்கு இசையவில்லை. ஆண்டவனுக்கு அளவுகோல் வைக்க நாம் யார் என்பது அவர் கட்சி.

அக்கட்சியார் காட்டிய உதாரணம் அபூலஹப். அவன் நபிகள் நாயகத்தின் தந்தையுடைய சகோதரன். ஆனால் பரம விரோதி. அவன் நெருப்பில் வீழ்வான் என்று அவன் உயிரோடிருக்கும்போதே 111-ஆவது அத்தியாயம் அறிவித்துவிட்டது. எல்லோரையும் போல் அவனும் நம்பிக்கை கொள்ளக் கடமைப்பட்டவன்தான். அவன் நம்பினாலோ அறிவிப்புப் பொய்யாகும்! அப்படியானால், முடியாததை அல்லவா அவனிடம் கேட்டது?

சமர்கந்தின் இமாம் மாத்துரீதீயைப் பின்பற்றியோர் இதை ஏற்கவில்லை. அஷ்அரீ வழியில் வந்த இமாம் கஸ்ஸாலியே, 1111-இல் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய சட்ட நூலில், முடியாததைக் கடமையாக்குவது பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தார்.

இவ்விரு மரபுகளும் நம் நாட்டில் உண்டு. ஹனபிகளான ராவுத்தர்கள் பெரும்பாலும் மாத்துரீதீ வழி; ஷாபிகளான காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் அஷ்அரீ வழி. ஆனால் நோயாளியின் நோன்பு விஷயத்தில் இருவருக்கும் பேதமில்லை. ஆண்டவனின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதில்தான் சண்டை; மனிதனின் கடமைக்கு எல்லை உண்டு என்பதில் அல்ல.

அதற்காக அந்தச் சலுகை சோம்பேறிக்குத் திறந்த கதவு என்று எண்ணிவிட வேண்டாம். குணமானபின் விட்ட நோன்பை நோற்றாக வேண்டும். குணமாகாத நோயாளி, வசதியிருந்தால், நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். ஒன்று இயலாது போனால், இயன்ற இன்னொன்று வந்து நிற்கிறது.

தமிழில் ‘முடியாது’ என்பது பொல்லாத சொல். சக்தியில்லை என்பதற்கும் அதுதான், செய்யமாட்டேன் என்பதற்கும் அதுதான். அபூலஹபின் ‘முடியாது’ இவற்றில் எது? வரப்போவதை முன்கூட்டி அறிவது ஒருவன் கையைக் கட்டிப்போடுவதாகாது என்றார்கள் மறுத்தவர்கள். கதாபாத்திரத்தின் முடிவை முதல் அத்தியாயத்திலேயே அறிந்துகொண்டு எழுதுகிற எனக்கு, அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.