வகை 1 தட்டும் ஒரு புள்ளிக்கோடும்

அருங்காட்சியகத்தில் பானை ஓட்டின் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். நடுவே செங்குத்தாக ஒரு கோடு, இடது பாதியில் கருப்பாக ஒரு வளைவு, வலது பாதியில் பானையின் வெளித்தோற்றம். பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட படங்களை வரைந்து சம்பளம் வாங்கியவன் நான்.

அந்தக் கருப்பு வளைவு, பானையை நெடுக வெட்டினால் தெரியும் சுவரின் கனம். முழுப் பானை வேண்டியதில்லை. விளிம்புள்ள ஓடு ஒன்று உள்ளங்கை அளவுக்கு இருந்தால் போதும். ஒரே மையத்தில் பல வட்டங்கள் போட்ட தாளின் மேல் விளிம்பைக் கவிழ்த்து வைப்போம். எந்த வட்டத்தோடு ஒட்டி நிற்கிறதோ அதுதான் வாயின் அகலம். கனத்தைக் காலிப்பரால் அளந்து முதலில் பென்சில், அப்புறம் ட்ரேசிங் ஷீட்டில் இந்தியன் இங்க். நிழலைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுவதாகக் கணக்கு. கண்ணைப் பிடுங்கும் வேலை. ஆனால் போட்டோவில் இந்த விவரமெல்லாம் வராது.

இதன் அருமையை அரிக்கமேட்டில் பார்க்கலாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். மறு ஆண்டே 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் அறிக்கை வந்தது, பானைகளுக்கு வகை எண் போட்டு, படங்களோடு. அதில் வகை 1 என்பது உள்பக்க அடியில் சின்னச் சின்னப் பல் பதிந்த வளையங்கள் உள்ள தட்டு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கு என்று வீலர் நினைத்தார். பின்னால் மண்ணைச் சோதித்தவர்கள் இந்தியாவில் செய்ததுதான் என்றார்கள். அவர் கருத்து போயிற்று, படம் நின்றது. பாலித் தீவின் செம்பிரானில் இதே மாதிரி ஓடுகள் கிடைத்தபோதும் ஒப்பிட அரிக்கமேட்டு வகைகள்தான் உதவின.

ஒரு கண்காட்சிக்கு இந்த இனத் தட்டை வரையச் சொன்னார்கள். கையில் இருந்தது விளிம்பும் கொஞ்சம் சுவரும். அடிப்பகுதியைப் புள்ளிக்கோட்டில் விட்டிருந்தேன்.

பொறுப்பிலிருந்த அதிகாரி பார்த்துவிட்டு, "என்னங்க, பாதியிலே விட்டுட்டீங்க? ஜனங்களுக்கு முழுத் தட்டா காட்ட வேண்டாமா?" என்றார்.

"சார், கெட்டிக்கோடு போட்டா அந்த இடம் கிடைச்சிருக்குன்னு அர்த்தம். நமக்குக் கிடைக்கலையே" என்றேன்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்காட்சி என்பது ஆய்வறிக்கை அல்ல. வருகிறவர்களுக்குப் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் சுவரில் மாட்டிய படத்தைத்தான் மாணவர்கள் நோட்டில் வரைந்துகொண்டு போவார்கள். அதிலிருந்து யாராவது புத்தகத்தில் எடுத்துப் போடுவார்கள். ஓட்டைத் தேடிப்போய்ச் சரிபார்க்க எத்தனை பேர் வருவார்கள்? நான் புள்ளிக்கோட்டை மாற்ற மறுத்துவிட்டேன்.

கடைசியில் வெளியிலிருந்து ஒரு ஓவியரைப் பிடித்துக் கலரில் முழுத் தட்டு போட வைத்தார்கள். அழகான படம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்குமென்று வளையங்களைத் தட்டின் வெளிப்பக்கம் போட்டுவிட்டார்! சொல்லிப் பார்த்தேன்; திறப்பு விழாவுக்கு நேரமில்லை என்றார்கள். அது வாசலில், என்னுடையது உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

கண்காட்சி முடிந்ததும் கலர் படம் அதிகாரியின் அறைக்குப் போயிற்று. புள்ளிக்கோட்டுப் படத்தை, ஓட்டில் எழுதியிருந்த அதே எண்ணைப் போட்டு, ஓட்டோடு சேர்த்து இழுப்பறையில் வைத்துப் பதிவேட்டில் எழுதினேன்.