லூசைட் பையும் ஒயர் கூடையும்

எண்பதுகளில் சாரல் சீசனுக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய குடும்பங்களின் கையில் ஒரு ஒயர் கூடையாவது இருக்கும். துண்டு, சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய் பாட்டில், கட்டுச்சோறு எல்லாம் அதற்குள்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியை அப்படியே உள்ளே திணித்தால், தண்ணீர் முடிச்சு இடுக்குகள் வழியாகத் தானே வடிந்துவிடும். மக்காது, துருப்பிடிக்காது. குற்றாலத்துக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போன்ற பை!

அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் ‘விண்டேஜ் டிசைனர் பிளாஸ்டிக் பை’ என்று தேடினால் கிடைப்பது வேறு ஒரு பை. அதன் கதை சுவாரஸ்யமானது.

1930களில் அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் லூசைட். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் ஜன்னல்களுக்கும் மேல்மூடிகளுக்கும் அக்ரிலிக்கைப் போட்டார்கள். போர் முடிந்தது, விமான ஆர்டரும் போனது. பொருளுக்கு வேறு வாடிக்கையாளர் வேண்டுமே? 1950களில் நியூயார்க்கின் வில்லார்டி, லூவெலின், மயாமியின் பட்ரீசியா போன்ற நிறுவனங்கள் அதில் பெண்களுக்கான கைப்பை செய்தன. லூசைட் தகட்டைச் சூடாக்கி வளைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு, சிலவற்றில் கல்லும் பதித்தார்கள். பார்ப்பதற்கு நகைப்பெட்டி மாதிரி இருக்கும். கைவேலை என்பதால் விலையும் அதிகம்.

உபயோகத்தில் அது ஒன்றும் பெரிய பை இல்லை. கனம் அதிகம், வெயிலில் வைத்தால் கோணும், சென்ட் பட்டால் கீறல் விழும். அருவிக்கு எடுத்துப் போகவே முடியாது! ஆனால் அதை வீழ்த்தியது இந்தக் குறைகள் அல்ல. ஐம்பதுகளின் கடைசியில் அச்சில் ஊற்றி வார்த்த மலிவு நகல்கள் வந்து குவிந்தன. எல்லார் கையிலும் வந்ததும் பணக்காரர்கள் கைவிட்டார்கள். பல வருடம் கழித்து சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தபோது, உள்ளே நிறுவனத்தின் முத்திரை இருந்த பைகளுக்கு மதிப்பு ஏறியது. இன்று நல்ல நிலையில் உள்ள வில்லார்டி பை பல நூறு டாலருக்குப் போகிறது.

இனி நம்ம ஊர்க் கூடை. திருநெல்வேலிச் சீமையில் அதற்கு முன்னால் இருந்தது பனை. கடகப்பெட்டி, நார்ப்பெட்டி, கொட்டான் என்று அளவுக்கு ஒரு பெயர். பனை ஓலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், நாளானால் இற்றுப்போகும். எழுபது, எண்பதுகளில் கட்டுக் கட்டாக பிளாஸ்டிக் ஒயர் கடைக்கு வந்ததும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சமையல் முடித்த மத்தியானங்களில் திண்ணையில் உட்கார்ந்து பின்னுவது. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண்... இந்தப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இதை எந்தக் கம்பெனியும் வடிவமைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்று, அடுத்த தெரு மதினிக்குச் சொல்லிக் கொடுத்து, கல்யாணமாகிப் போன ஊரில் பரப்பியது. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும், அடிக்கு எத்தனை ஒயர், சரியாக எங்கே மடக்குவது என்பதெல்லாம் டிசைனர் வேலை இல்லாமல் வேறென்ன?

இதையும் மலிவுதான் வீழ்த்தியது. மலிவுகூட இல்லை, இலவசம்! தொண்ணூறுகளுக்குப் பின் கடைக்காரரே கேரி பேக் கொடுத்தபோது கூடையைத் தூக்கிக்கொண்டு போவது பட்டிக்காட்டுத்தனமாகிவிட்டது. வருடக்கணக்கில் உழைக்கும் பிளாஸ்டிக்கை, அரைமணி நேரம் உழைக்கும் பிளாஸ்டிக் துரத்தியது. அந்தக் கேரி பேக் அருவிக்கரையிலும் ஓடையிலும் என்ன செய்தது என்று விளக்க வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. ஒயர் கூடை அந்தப் பட்டியலில் இல்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ‘நற்பெயர்’ கணக்கு தெரிந்திருக்கும். ஒரு தொழிலின் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் அதன் பெயருக்காகக் கிடைக்கும் மதிப்பு அது. 2018ல் பிரான்சின் செலீன் நிறுவனம் தன் பெயரை அச்சடித்த சாதாரண பிளாஸ்டிக் பையை (உள்ளே ஒரு சின்னப் பர்ஸ் உண்டு) 590 டாலருக்கு விற்றது. ஒயர் கூடைக்கு விலை பேசுகிறவர்களோ ஒயர் எத்தனை கட்டு, கட்டு என்ன விலை என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக் கேட்கிறார்கள். முடிச்சை இழுத்து இழுத்து விரல் நுனி காய்ந்துபோன நாட்களுக்கு அந்தக் கணக்கில் பற்றுமில்லை, வரவுமில்லை.

இப்போது ஒயர் கூடை மறுபடி வருகிறது. டிபன் பை, தண்ணீர் பாட்டில் பை என்று சின்ன அளவுகளில், இணையத்தில் ‘கைவினைப் பை’ என்ற பெயரில், நல்ல விலைக்கே விற்கிறார்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் கடையின் பெயர்தான் இருக்கிறது. பின்னியவர் பெயர் இல்லை.