மொட்டைக் கடிதமும் முறையீடும்

பிழைப்பை நாடி மும்பை வந்த தமிழர்களில் ஒரு சாரார் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உத்தியோகத்தில் அமர்ந்தனர். மற்றொரு சாரார் தாராவியிலிருந்து ரேஷன் அட்டைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அலுவலக வாயில்களில் காத்து நின்றனர். ஆகவே, அரசு ஊழியர் மீது புகார் என்னும் பொருள் நமக்கு இரு முகம் உடையது. மனு எழுதுபவரும் நம்மவர்; மனுவுக்கு இலக்காகுபவரும் நம்மவர். மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் ஒரு குமாஸ்தாவின் வீட்டுக்கு யார் வருகிறார், அவர் யாரோடு பழகுகிறார் என்று மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனால், அதற்கு என்ன மதிப்பு? நம் நாட்டுச் சட்டம் இதற்கு விடை கண்ட வரலாற்றை இங்கு நோக்குவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1850ஆம் ஆண்டில், பொது ஊழியர் விசாரணைச் சட்டம் இயற்றப்பட்டது. உயர் ஊழியர் ஒருவரைக் குற்றம் சாட்டுபவர் அதனை எழுத்தில் தந்து, சத்தியப் பிரமாணத்தால் உறுதி செய்தல் வேண்டும். வழக்கைத் தாமே நடத்துவதாயின் ஜாமீனும் தருதல் வேண்டும். தீய நோக்குடன் பொய் கூறினால், பொய்ச் சாட்சியத்துக்குரிய தண்டனை உண்டு. இம்முறை ஊழியரைக் காத்தது உண்மையே. ஆயினும் ஜாமீனுக்கு வழியற்ற ஏழையின் வாயையும் அது அடைத்தது எனலாம்.

சுதந்திரத்திற்குப் பின் இவ்விரு நலன்களையும் சமன் செய்யும் முயற்சி தொடர்ந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த க. சந்தானம் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1964ஆம் ஆண்டில் மத்திய விழிப்புணர்வு ஆணையம் தோன்றியது. பெயரற்ற புகார்கள் மீது நடவடிக்கை கூடாது என்று அவ்வாணையம் 1999ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

அப்படியாயின் இல்லத்தினுள் நிகழ்வது எதுவும் புகாருக்கு உரியதன்றோ? அவ்வாறு கொள்வதும் தவறு. மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மனைவி உயிரோடிருக்க மறுமணம் புரிவதையும் பொதுவிடத்தில் குடிபோதையில் தோன்றுவதையும் தடுக்கின்றன. வரதட்சிணை வாங்குவதையும் அவ்விதிகள் விலக்குகின்றன. வஞ்சிக்கப்பட்ட மனைவியின் முறையீடு ஊர்வம்பு அன்று. அது விதி அவளுக்கு அளித்த உரிமை.

எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கே. ஆட்டோ சங்கர் என்னும் மரண தண்டனைக் கைதியின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகள் சிலரின் தொடர்புகளை அது வெளிப்படுத்தும் எனக் கூறப்பட்டது. சிறைத் துறையோ அதைத் தடுக்க முயன்றது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை. கடமையைச் சார்ந்த செயல்களைப் பற்றிய விமர்சனத்தை அவர்கள் பொறுத்தல் வேண்டும். கடமையைச் சாராதவற்றில் ஏனைய குடிமக்களுக்குள்ள பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்பது அதன் சாரம்.

பின்னர் மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வழக்கு எழுந்தது. ஓர் அதிகாரியின் சொத்து விவரம், அவர் பெற்ற குறிப்பாணைகள், அவருடைய மகனின் திருமணத்தில் வந்த பரிசுகள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கோரினார். பெரும் பொதுநலன் காட்டப்படாமையால் அவை தனிப்பட்ட தகவல்களே என 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் கூடி உரைத்தனர். இக்காப்பு மிகுந்தால் லஞ்சம் ஒளிந்துகொள்ளவும் இடமாகும் என்னும் அச்சமும் நியாயமானதே.

ஆதலின் நாம் மனு எழுதும்போது, நம் பெயரை இட்டு, நாளையும் செயலையும் சான்றையும் குறிப்போமாக. ரேஷன் அட்டைக்குக் கையூட்டுக் கேட்டவரை அஞ்சாது எழுதுவோம். அவர் மாலையில் யாருடன் உலவுகிறார் என்பதை அவருக்கே விட்டுவிடுவோம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், வம்பின் சுமையால் உண்மையும் குப்பைக்கூடைக்குப் போகும். இழப்பு, அட்டை கிடைக்காத குடும்பத்துக்கே.