கரிகாலனின் பலவீனம்

ஸீஸன் நாட்களில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறவன் முக்கால்வாசி நேரம் காத்துக்கொண்டுதான் நிற்கிறான். தென்காசியில் வங்கி குமாஸ்தாவான எனக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. அப்படிப் போன ஒரு நாள் தண்ணீர் அதிகமென்று போலீஸ் கூட்டத்தை நிறுத்திவைத்திருந்தது. தோளில் துண்டோடு நின்ற இரண்டு கல்லூரிப் பையன்கள் 'பொன்னியின் செல்வன்' படத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். "அவளப் பாக்கப் போவாம இருந்திருந்தாம்னா ராஜா ஆயிருப்பாம்ல" என்றான் ஒருவன். "லவ்வுல விழுந்தா அப்படித்தாம்ல" என்றான் மற்றவன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது காதல் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

சரித்திரத்திற்கு இது தெரியாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய, உறவினர்களுடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்தது பற்றிப் பேசுகிறது. பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்குச் சோழ அரசு கொடுத்த பட்டம்; துரோகிகளுக்கும் அது இருந்தது. கொலை நடந்தது ஏறக்குறைய 970இல். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். இடைப்பட்ட ஆண்டுகளில், உத்தம சோழன் ஆட்சியில், குற்றவாளிகள் என்ன ஆனார்கள் என்பது அரசியல் கேள்வி. நிலமும் பட்டமும் வாரிசுரிமையும் உள்ள இந்தக் கதையில் பெண் யாரும் இல்லை.

பெண்ணைக் கொண்டுவந்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வந்த தொடரில் ரவிதாசனை அவர் விட்டுவிடவில்லை. கல்வெட்டு அவருக்குத் தெரியும். ஆனால் வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் என்ற கரிகாலனின் விருதுப் பெயரை எடுத்துக்கொண்டு அவர் செய்த காரியம் அசாதாரணமானது. நந்தினி காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவளைப் பறிகொடுத்தவன் பொறாமையில் வெட்டுகிறான். யுத்தத்தில் விழுந்த ஒரு தலை காதலில் விழுந்த தலையாகிவிட்டது. அதற்குப் பிறகு கரிகாலன் தானாகவே கடம்பூர் மாளிகைக்குச் சாகப் போகிறான். 2022இலும் 2023இலும் வந்த மணிரத்னம் படங்கள் இதைத்தான் பெரிதாக்கின.

சாகசக் கதைக்குக் காதல் ஆகாது என்பது பழைய ஆங்கிலக் கட்சி. ஸ்டீவன்சன் 1883இல் 'ட்ரெஷர் ஐலண்ட்' புத்தகத்தை வெளியிட்டபோது அதில் சிறுவனின் தாயைத் தவிரப் பெண்ணென்று சொல்ல யாருமில்லை. மனைவியின் மகன், சிறுவன், அப்படிக் கேட்டிருந்தான். தமிழ்த் தொடர்கதைக்கு இது கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் பத்திரிகையை முதலில் பிரித்தது அம்மா. நம் பழைய மரபோ இரண்டையும் வேறு விதமாகச் சமாளித்தது. அகத்தில் தலைவனுக்குப் பெயர் கிடையாது. நெடுநல்வாடையில் தலைவி அரண்மனையில் உருக, அரசன் பாசறையில் காயம்பட்டவர்களைத் தேற்றிக்கொண்டு இரவில் நடக்கிறான். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்ததால் பாட்டு புறமாகிவிட்டது என்பது உரைகாரர் கணக்கு. அந்தப் பிரிவு அவனைப் பலவீனனாக்கியதாகப் பாட்டு சொல்லவில்லை.

அப்படியானால் கல்கியின் வீரர்களைக் காதல் பலவீனப்படுத்துகிறதா? எல்லோரையும் அல்ல. வந்தியத்தேவன் குந்தவையிடம் மனதைக் கொடுத்த பிறகுதான் உருப்படுகிறான். அருள்மொழிக்குக் கொடும்பாளூர் வானதியால் ஒரு கெடுதலும் இல்லை. பார்த்திபன் மகன் விக்கிரமன் பகைவன் மகளைக் காதலித்தும் ராஜ்யத்தை அடைகிறான். கெடுகிறவர்கள் வேறு வரிசை: பூசாரி வீட்டில் வளர்ந்த நந்தினியால் கரிகாலன், சிற்பி மகள் சிவகாமியால் நரசிம்மன், ஊமைப் பெண் மந்தாகினியால் சுந்தர சோழர். ஓடக்காரப் பெண் பூங்குழலியின் ஆசை அருள்மொழியைத் தொடாதபடி கதை காப்பாற்றிவிடுகிறது. காதல் மேல்நோக்கியோ சமமாகவோ போனால் பலம். கீழ்நோக்கிப் போனால் பலவீனம். இதுதான் கணக்கு.

இதைக் கல்கி அறியாமல் எழுதினார் என்றும் சொல்ல முடியாது. பிரிப்பவர்கள் யாரென்று அவர் மறைப்பதில்லை. மகேந்திரவர்மர் மகனையும் சிற்பியின் மகளையும் யோசித்துப் பிரிக்கிறார். நந்தினியை அரண்மனைப் பெரியவர்கள் தூர வைக்கிறார்கள். வினை அங்கே விதைக்கப்படுகிறது. அறுவடையின் போது பழி மட்டும் காதலின் மேல் விழுகிறது. பழி போடுவது நாம்தான். பதினாலு வயதில் பைண்டு செய்த 'சிவகாமியின் சபதம்' படித்தபோது, வாதாபிக்குப் போகிற படை இந்தப் பெண்ணால் தாமதமாகிறதே என்று எரிச்சலோடு பக்கங்களைத் தள்ளினேன். அப்போது நான் மகேந்திரவர்மர் கட்சி. பிற்பாடு ஒரு நண்பன் தன் ஜாதிக்குக் கீழென்று சொல்லப்பட்ட வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பியபோது, அவன் வீட்டார் "நல்லா இருந்த பயலுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார்கள். அதே வீட்டில் மூத்தவன் முதலாளி மகளைக் காதலித்துக் கட்டியது கெட்டிக்காரத்தனம். அந்த வாக்கியத்தை நான் ஏற்கனவே எங்கோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. நண்பனுக்காக நான் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்கியின் நண்பர் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்தது இந்தக் குற்றாலத்தில். இருவரும் 1954இல்தான் மறைந்தார்கள். இதே மலைக்குத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியிருக்கிறார். அதில் கண்ணி வைக்கிற சிங்கனுக்குச் சிங்கியின் ஞாபகம் வந்துவிடுகிறது, பறவைகள் போய்விடுகின்றன. வேட்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய பலவீனம் கிடையாது. ஆனாலும் அவன் அழிவதில்லை. அவளைத் தேடிப் போகிறான், கண்டுபிடிக்கிறான், இருவரும் பேசிச் சிரிக்கிறார்கள். அவனிடம் ராஜ்யம் இல்லை. ஆகவே அவன் காதலைப் பிரித்துவைக்க யாருக்கும் அவசியம் நேரவில்லை.

போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை விட்டார். பையன்கள் என்னை முந்திக்கொண்டு ஓடினார்கள். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.