மிளகு எலி யாருக்கு உறவு?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில், பகலெல்லாம் மரப்பொந்தில் உறங்கி, இரவில் கிளைகளில் உலவும் ஒரு சிறு விலங்கு உண்டு. உடல் நீளம் ஏறத்தாழ 13 செ.மீ. முதுகில் மயிருக்கிடையே தட்டையான முட்கள். வால் நுனியில் அடர்ந்த குஞ்சம். மிளகைத் தின்பதால் 'மிளகு எலி' என்றும் இதற்குப் பெயர். நாம் வேலியோரங்களில் காணும் முள்ளெலி வேறு; அது பூச்சியுண்ணி. இதுவோ கொறிக்கும் விலங்கு.

1859-இல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்டு பிளைத் இதற்குப் பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ் என்று பெயரிட்டார். 'மயிரடர்ந்த வாலுடைய தட்டைமுள் எலி' என்பது பொருள். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

ஐரோப்பாவில் டார்மவுஸ் என்றொரு கொறிவிலங்கு உண்டு. அதற்கும் அடர்ந்த மயிருள்ள வால். அதுவும் மரத்தில் வாழ்ந்து இரவில் இரை தேடும். ஆகவே அறிஞர் பலர் மிளகு எலியையும் அக்குடும்பத்தில் சேர்த்தனர். ஆங்கிலத்தில் இன்றும் இதன் பெயர் 'மலபார் முள் டார்மவுஸ்' என்பதே.

ஆனால், பற்கள் வேறு கதை கூறின. டார்மவுசுக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பொதுவாக 4 கடைவாய்ப் பற்கள். மிளகு எலிக்கு எலிகளைப் போல 3 மட்டுமே. 1877-இல் பிரெஞ்சு அறிஞர் மில்ன்-எட்வர்ட்ஸ் தென்சீன மலைகளிலிருந்து டைப்லோமிஸ் என்ற எலியை விவரித்தார். அதன் கடைவாய்ப் பற்களிலும் மிளகு எலியின் பற்களில் உள்ளவை போன்ற சாய்வான வரிமேடுகள்! இவ்விரண்டும் நெருங்கிய உறவினங்கள் என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் டார்மவுசுடன் உள்ள ஒற்றுமை? வௌவால் பறப்பதால் பறவையாகிவிடுமா? ஒரே வகை வாழ்க்கை, உறவற்ற உயிர்களுக்கும் ஒத்த உருவைத் தரக்கூடும்.

2009-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று ஐயத்தைப் பெரிதும் நீக்கியது. எலி, சுண்டெலி, வெள்ளெலி முதலியன அடங்கிய பெருங்கூட்டத்தின் அடிமரத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை டைப்லோமிஸ் என்று அது காட்டியது. டார்மவுசோ அணில்களுக்கு நெருங்கியது. இக்குடும்பத்தின் புதைபடிவப் பற்கள் ஐரோப்பாவிலும் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த குலத்தில் இன்று எஞ்சியவை டைப்லோமிஸ் இனங்களும் நம் மிளகு எலியுமே.

வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் அன்று என்பதை இப்போது உணர்வீர்கள். அழியக்கூடிய நிலையிலுள்ள இவ்விலங்கு, களக்காடு-முண்டந்துறைக் காடுகளிலும் வாழ்கிறது. இது மறைந்தால் எலிகளில் ஓர் இனம் குறைந்தது என்று எண்ணிவிட முடியாது. இந்தியாவில் அத்தொன்மையான குலமே அற்றுப்போகும்.