பிறர் பிள்ளைகளைப் பேணியவர்கள்

கொடைக்கானலின் வரலாற்றை எழுதுவோர், 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்ததிலிருந்து தொடங்குவர். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே வீடு கட்டியதையும், 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரி அமைத்ததையும் அடுத்துச் சொல்வர். மாணவர்கள் அறிய வேண்டிய செய்திகளே அவை. ஆயினும் இம்மலையூரில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு தொழிலை வரலாறு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளை இரவும் பகலும் உடனிருந்து பேணும் தொழிலையே சொல்கிறேன்.

மிஷனார் மலையேறியது பொழுதுபோக்குக்காக அன்று. சமவெளியில் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களில் பலரைக் கொண்டுபோயின. உயிர் தப்பக் குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. 1901-இல் ஹைகிளார்க் என்னும் ஓட்டல் இருந்த இடத்தில், அவர்கள் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடப் பள்ளி எழுந்தது. தொடக்கத்தில் 13 பிள்ளைகள். இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என வழங்குவது அதுவே. மகனைக் காண இந்தியா வந்திருந்த மார்கரெட் எட்டி அம்மையார் அதன் முதல் தலைவியானார். விருந்துக்கு வந்தவர் தலையில் வீட்டுப் பொறுப்பு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அந்நாளில் மோட்டார் செல்லும் மலைச்சாலை முடிவுறவில்லை. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் ஓடிவர இயலுமா? நெற்றியில் கை வைத்துப் பார்க்க வேண்டியவர் விடுதி அம்மையே. வெந்நீர் போட எழ வேண்டியவர் ஆயாவே.

கோடையில் பெற்றோர் மலைக்கு வருவர். பிள்ளைகள் விடுதியை விட்டு அவர்களோடு தங்குவர். பருவம் முடிந்ததும் பெற்றோர் இறங்கிவிடுவர். அதன்பின் வரும் முதல் இரவு எத்தகையது என்பதை நான் ஓரளவு அறிவேன். சமவெளிப் பள்ளியொன்றில் சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளனாக இருந்தவன் நான். போர்வைக்குள் அழும் சிறுவனை அணுகினால் தோழர்முன் நாணுவான். அணுகாவிட்டால் தனித்துப் போவான். இதற்கு என்ன செய்வது என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. எங்கள் சமையற்காரருக்கு அது தெரிந்திருந்தது. விடியற்காலையில் அவனை அடுக்களைக்கு அழைத்துத் தேங்காய் துருவச் சொல்வார். தேறுதல் மொழி ஒன்றும் கிடையாது. இரண்டாம் மூடி முடிவதற்குள் பையன் தன் ஊர்க்கதையைத் தானே தொடங்கிவிடுவான்.

மாலை மணி அடித்தால் ஆசிரியர் பணி அன்றைக்கு ஓயும். விடுதியாளருக்கு அத்தகைய மணி இல்லை. உறங்கும்போதும் ஒரு செவி விழித்திருக்கும். பெறாத பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, அவன் மீசை அரும்பியதும் வழியனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டில் வேறொரு சிறுவன் அந்தக் கட்டிலில் படுத்து அழுவான். இதை ஊதியத்துக்குரிய வேலை என்பதா, உறவு என்பதா? இரண்டும்தான் என்பேன். உறவு என்று புகழ்ந்தே ஊதியத்தைக் குறைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்பதில்லை.

தலைவியரின் பெயர்கள் பள்ளி வரலாற்றில் இருக்கின்றன. ஆயா என்றும், சமையற்காரர் என்றும், தண்ணீர் சுமந்தவர் என்றும் தொழிற்பெயரால் மட்டும் அழைக்கப்பட்டவர்கள் பலர். நீங்கள் விடுதியில் தங்கிப் பயில்பவராயின், இவ்வாரமே ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பணிசெய்வோரிடம் அவர்கள் பெயர், பிறந்த ஊர், பணியில் சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் உங்களோடு இருக்கும் இரவுகளில் அவர்களுடைய குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.